இன்னும் பூக்கல

பம்பைக்கார எல்லப்பன் தொண்டை கட்டுகிற வரைக்கும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டான். பரிமளா வரவில்லை.

ஆரணி, சேவூர்ப் பக்கத்து வீடுகளில் பூவாடை வைக்காமல் கல்யாணம் கிடையாது. பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண் வீட்டில் யாராவது இருந்தால் அவளுக்குத்தான் முதல் அழைப்பு. கிணற்றடிக்குப் போய், கலசத்தில் தண்ணீர் மொண்டு, பூ சுற்றி, புதுப்புடவை வைத்து, பம்பை அடித்து அவளைக் கூப்பிட வேண்டும். அவள் யார் மேலாவது இறங்கி வாய்திறந்து 'சரி' சொல்ல வேண்டும், இல்லை கலசத்தைத் தூக்குகிறவளுக்குக் கை கனக்க வேண்டும். அப்புறம்தான் அந்தக் கலசத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து பந்தக்கால் நடுவார்கள். இது எல்லா வீட்டுக்கும் உள்ள வழக்கம். திருமலைக்கு நடக்கவிருந்ததோ இரண்டாம் கல்யாணம். கூப்பிட வேண்டியவளோ அவனுடைய முதல் பெண்டாட்டி பரிமளா. அவள் சம்மதம் சொல்லாமல் இன்னொருத்தி கழுத்தில் எப்படித் தாலி கட்டுவான்?

மாசி மாசம்தான். அதற்குள் ஆரணி வெயில் மண்டையைப் பிளந்தது. கிணற்றடி வேப்பமர நிழல் நகர நகர, கூட்டமும் அதோடு சேர்ந்து நகர்ந்தது.

திருமலையின் அம்மா அபிதகுசாம்பாளுக்குப் பொறுமை போய்விட்டது. "பட்டுப் பொடவ வெச்சாச்சு. மல்லி வெச்சாச்சு. அவளுக்குப் புடிக்குமேன்னு கேவுரு அட கூட சுட்டு வெச்சிக்கீறேன். இன்னும் இன்னாதான் வோணுமாம் அவளுக்கு?" என்று கேட்டாள். செத்துப்போன மருமகளிடமும் மாமியார் குரல் மாறவில்லை.

போளூரிலிருந்து வந்திருந்த பெண்ணின் அப்பா சடையப்பனுக்குத் துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்துத் தோலே சிவந்துவிட்டது. இந்தப் பூவாடை சரியில்லாமல் போனால் தன் மகள் அம்மணியை அவர் இந்த வீட்டுக்கு அனுப்பமாட்டார் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

பரிமளாவின் அம்மா கற்பகம் மட்டும் கிணற்றுச் சுவரோரம் ஒரு தகரப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. மருமகனின் மறுகல்யாணத்துக்கு மகளைக் கூப்பிட்டுக் கொடுக்க வந்திருக்கிற தாயிடம் யார் என்ன பேசுவது?

எல்லப்பன் பம்பையை இறக்கி வைத்தான். "இத்தினி பேரு கூப்டாச்சு. புருசங்காரன் இன்னும் கூப்டலியே. வாயத் தொறந்து மூணு வாட்டி 'வா'ன்னு சொல்லு சாமி, போதும்."

திருமலை வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. ராணுவத்தில் பெரிய பெரிய வண்டி இன்ஜின்களுக்கு மேலே குரல் கொடுத்துப் பழகியவன், ஒரு சின்ன 'வா'வுக்குத் திணறினான். அவளிடம் அவன் கடைசியாகச் சொன்ன வார்த்தை ஒரு பொய். அந்தப் பொய்க்கு மேலே எந்த வாயால் அவளைக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

*

இமாச்சலத்தில் ஒரு மலைமேல் அவனுக்கு வேலை. தொண்ணூற்றேழில் குடும்பத்தோடு இருக்கக் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். தகரக்கூரை போட்ட இரண்டு அறை, பின்வாசல், பின்வாசலை ஒட்டிக் கொஞ்சம் மண், அந்த மண்ணில் ஒரு குபானி மரம். மஞ்சளாக, கன்னம் சிவந்த சின்னப் பழம் காய்க்கிற மரம். கதவைத் திறந்து எட்டு வைத்தால் மரத்தடிதான்.

பரிமளா போய் இறங்கினது ஐப்பசியில். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த மலையின் அமைதியே முதலில் பயமாக இருந்தது. போன கையோடு மரம் மஞ்சளாகி, இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. நம்மூரிலும் வேம்பும் அரசும் உதிர்க்கும், ஆனால் உதிர்த்த கையோடு துளிர்த்துவிடும். இது கார்த்திகை போய், மார்கழி போய், தை போயும் குச்சி குச்சியாக அப்படியே நின்றது. ஆரணிக்காரி கணக்கில் அது பட்ட மரம், அவ்வளவுதான்.

"நான் காலெடுத்து வெச்ச நேரம் மரம் பட்டுப்போச்சு" என்று அவள் மூக்கைச் சிந்தினாள். அப்புறம் நச்சரிக்க ஆரம்பித்தாள். "குடியிருக்கற ஊட்டு வாசல்ல பட்ட மரம் நிக்கக்கூடாதுங்க. காலைல எய்ந்தா மொதல்ல அது மூஞ்சிலயா முழிக்கறது? வெட்டிடுங்க."

அவனும் ஆரணிக்காரன்தானே? அவனுக்கும் அது பட்ட மரமாகத்தான் தெரிந்தது. யூனிட்டிலிருந்து கோடாரி வாங்கி வந்து கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையெல்லாம் விறைக்கிறது என்றான். அடுத்த ஞாயிறு டிவியில் கிரிக்கெட் என்றான். "ஒரு மரத்த வெட்ட இவ்ளோ பேஜாரா?" என்று அவள் கத்தினாள். அவன் ரஜாய்ப் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டான். மனுஷனுடைய சோம்பேறித்தனத்தால் உலகத்தில் ஏதாவது நல்லது நடந்ததுண்டா என்று கேட்டால், உண்டு. அந்த ஒரு மரம் பிழைத்தது.

மாசிக் கடைசியில் ஒரு காலை. கூரைப் பனி உருகி விடிந்ததிலிருந்து சொட்டுச் சொட்டென்று சத்தம். பரிமளா பல் தேய்க்கப் பின்வாசலைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் ஒரு கத்தல். பாம்போ என்னவோ என்று திருமலை லுங்கியோடு ஓடிவந்தான்.

ஒரு இலை கிடையாது. குச்சி நுனியிலிருந்து அடிவரைக்கும் பூ. வெள்ளை என்றும் சொல்ல முடியாது, ரோஸ் என்றும் சொல்ல முடியாது, அந்த மாதிரி ஒரு நிறம். அதில் தேனீக்கள் வேறு. இந்தக் குளிரில் அதுகள் இத்தனை நாள் எங்கேதான் இருந்தனவோ! சுவரோரத்தில் அழுக்குப் பஞ்சு மாதிரி மிச்சப் பனி கிடக்க, அந்தச் சகதியில் செருப்புக்கூட இல்லாமல் இறங்கிப்போய் அவள் மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"உன்னையா வெட்டச் சொன்னேன்? ஐயோ, உன்னையா வெட்டச் சொன்னேன்?" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. இரண்டும்தான். உள்ளே ஓடிப்போய் மஞ்சள் குங்குமம் எடுத்து வந்து மரத்துக்கு வைத்தாள். கோடாரியை அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். இனி அது வீட்டில் இருந்தால் மரம் பயப்படுமாம்.

அதிலிருந்து அவளுக்கு வீட்டுக்குள் வேலையே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியை மரத்தடியில் போட்டுக்கொண்டாள். டீ அங்கே, பட்டாணி உரிப்பது அங்கே, தலை காய வைப்பது அங்கே. பனிக்கு முன்னால் சும்மா ஊன்றி வைத்த பூண்டு ஈர மண்ணைக் கீறிக்கொண்டு பச்சையாக மூக்கை நீட்டியது. கடுகுக்கீரை தலையெடுத்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா கொடுத்த நர்கிஸ் கிழங்கு ஒன்று பூத்து, காலை வெயிலில் வாசனை கமகமத்தது. அவள் மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பாள். "இன்னிக்கு நேத்த விடச் சூடா கீதுங்க, தொட்டுப் பாருங்களேன்" என்பாள். அவனுக்கு விரல் மரத்துப்போகும். அவளுக்கு மட்டும் எப்படித்தான் அந்தச் சூடு தெரிந்ததோ. குளிர் தேசத்தில் மண் இளகுகிற நாட்கள் எவ்வளவு பெரிய கொண்டாட்டம் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆரணியிலிருந்து போனவளுக்கு அது அவர்களைவிட அதிகமாகத் தெரிந்தது.

அந்தப் பூவைக் கட்டித் தலையில் வைக்கப் பார்த்தாள். நாரில் முடிச்சுப் போடுவதற்குள் இதழ் இதழாகக் கழன்று மடியில் கொட்டிவிட்டது. "இந்தப் பூவுக்கு ரோசம் ஜாஸ்தி" என்று சிரித்துவிட்டு, அப்புறம் பறிக்கவேயில்லை.

எஸ்டிடி பூத்தில் மீட்டர் ஓட ஓட அம்மாவிடம் கத்தினாள். "எம்மா, எலையே இல்லாம பூ! பொடவ நெய்யறதுக்கு மின்னாடியே முந்தான வந்துட்டா மாதிரி!"

"எலையில்லாம பூவா? அளக்காதடி" என்றாள் கற்பகம்.

"அடுத்த வருசம் மாசில வா, காட்டறேன். நான் பொய் சொல்றனா இல்லியான்னு நீயே பாரு."

*

அடுத்த வருஷம் தையில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ராணுவ ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். நிமோனியா என்றார்கள். மாசி நடுவில் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் திருமலையைத் தனியாகக் கூப்பிட்டு, குளிர்க்காற்று மேலே படவே கூடாது, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொன்னார். அவனும் சரி சார், சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தான்.

வந்த மறுநாளிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான்.

"பூத்துச்சா?"

"இன்னும் இல்ல."

முதல் சில நாள் அது நிஜம். பின்வாசலைத் திறந்து பார்த்துவிட்டு வந்து நிஜத்தைத்தான் சொன்னான். அப்புறம் ஒரு காலை கதவைத் திறந்தபோது போன வருஷத்தைவிட இரண்டு பங்கு பூவோடு மரம் நின்றது. அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. வெறுங்காலோடு சகதியில் ஓடியவள் அவள். சொன்னால் கட்டிலில் கிடப்பாளா? பிடித்து வைத்தால்தான் நிற்பாளா? கதவை ஓசைப்படாமல் சாத்தினான். பின்பக்க ஜன்னலுக்கு ராணுவக் கம்பளியை ஆணியடித்து மாட்டினான். போன வருஷம் ஒரு கோடாரியைத் தூக்கச் சோம்பல்பட்டவன், இந்தக் காரியத்தை மட்டும் ஒரு நொடி தாமதிக்காமல் செய்துமுடித்தான்.

"இன்னாங்க, பூத்துச்சா?"

"இன்னும் இல்ல. இந்த வருசம் குளிரு ஜாஸ்தி இல்ல? லேட்டாவும்."

கொஞ்சம் தேறட்டும், அப்புறம் காட்டிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். அதற்குள் கொட்டிப்போனால்தான் என்ன, மரம் எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வருஷம் என்று ஒன்று அவன் கையிலிருந்தது போலப் பேசிக்கொண்டான், முட்டாள்.

விடிந்ததும் அவன் பின்பக்கம் போய், மரத்தடிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவான். வந்ததும் அவள் கிட்டே கூப்பிடுவாள். பூத்துச்சா என்று கேட்பாள். இல்லை என்பான். அவள் அவன் ஸ்வெட்டர் தோளைத் தட்டிவிடுவாள், குல்லாவைச் சரி செய்வாள். "ஒரே தூசி" என்பாள். "நாளைக்குப் பாருங்க" என்பாள். அவ்வளவு காய்ச்சலிலும் அந்தத் தூசி தட்டுகிற கைக்கு மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ.

ஒரு நாள் மூச்சு திணறியது. ஜீப்பில் ஏற்றும்போது, "போயிட்டு வர்றதுக்குள்ள பூத்துடுமா?" என்று கேட்டாள். "இன்னும் நாளாவும். நீ வந்துடுவ" என்றான். வழியிலேயே, அவன் மடியிலேயே, போய்விட்டாள்.

மலையடிவாரத்து ஆற்றங்கரையில் எரித்தார்கள். பஞ்சாபி அம்மாதான் அவளைக் குளிப்பாட்டிக் கல்யாணப் பட்டைக் கட்டிவிட்டாள். உடம்பில் கிடந்த பழைய வாயில் துணிப் புடவையைத் துவைக்கக்கூட இல்லாமல் அப்படியே மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். திருமலை அந்தப் பெட்டியை ஆரணிக்குக் கொண்டுவந்து மாமியார் காலடியில் வைத்தான். "இந்த வருசம் மரம் பூக்கறதப் பாத்தாளாப்பா?" என்று கற்பகம் கேட்டபோது, "பூக்கறதுக்குள்ள போயிட்டா அத்த" என்றான். செத்தவளுக்குச் சொன்ன பொய்யை உயிரோடு இருப்பவளுக்கும் சொன்னான். பெட்டியை அவனும் திறந்ததில்லை, கற்பகமும் திறந்ததில்லை. வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனவன், அந்த மலைக்குத் திரும்பிப் போகவேயில்லை.

*

"அவ ஒடம்புல கடைசியாக் கெடந்த துணி எதுனா கீதா?" என்று எல்லப்பன் கேட்டான். "புதுப்பொடவைக்கு வராதவ பழம்பொடவைக்கு வருவா. அத எட்து கலசத்து மேல போடுங்க."

கற்பகம் பெட்டியைத் திறந்தாள். திறந்ததும் ஒரு நிமிஷம் கையை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் மூடிக் கிடந்த மகளின் வாசனை. அந்தத் தாய்க்கு அதைத் தாங்கிக்கொள்ள நேரம் வேண்டியிருந்தது. அப்புறம் நீல வாயில் புடவையை எடுத்துப் பிரித்தாள். முந்தானை நுனியில் கெட்டியாக ஒரு முடிச்சு.

"காசு முடிஞ்சி வெச்சிக்கீறாளா?" என்றாள் அபிதகுசாம்பாள்.

நகத்தால் நெருடி, கடைசியில் பல்லால் கடித்துத்தான் கற்பகம் அந்த முடிச்சை அவிழ்த்தாள். காசு இல்லை. பழுப்பேறிக் காய்ந்த சருகு, ஒரு பிடி. வெங்காயத் தோலைவிட மெல்லிசாக.

"இன்னாப்பா இது?" என்று அவனிடம் நீட்டினாள். "பூவாட்டம் கீது."

திருமலை பார்த்தான். ஒன்றிரண்டு இதழின் ஓரத்தில் அந்த நிறம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை என்றும் சொல்ல முடியாத, ரோஸ் என்றும் சொல்ல முடியாத நிறம்.

"குபானிப் பூ அத்த."

"அந்த மரத்துப் பூவா?" கற்பகம் நிமிர்ந்தாள். "பூக்கறதுக்குள்ள போயிட்டான்னு சொன்னியே?"

அவன் தோளில் ஒரு கை தட்டிக்கொண்டிருந்தது. ஒரே தூசி. ஒவ்வொரு நாள் காலையும், பொய்யைச் சொல்லிக்கொண்டு அவன் குனிந்து நின்றபோது, அவன் கம்பளி ஸ்வெட்டரிலும் குல்லாவிலும் ஒட்டிக்கொண்டு வந்ததை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி முடிந்து வைத்திருக்கிறாள். மரம் பூத்தது அவளுக்குத் தெரியும். அவன் மறைத்ததும் தெரியும். தெரிந்தும் மறுநாள் காலை மறுபடி கேட்டாள். மறுநாள் மட்டுமா, கடைசியில் ஜீப்பில் ஏற்றும்போதும் கேட்டாள்.

தெரிந்தவள் ஏன் கேட்டாள்? அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. பூத்துச்சா என்று அவள் கேட்டது சேதி தெரிந்துகொள்ள இல்லை. 'ஆமா, பூத்துச்சு, வா' என்று அவன் ஒரு தடவை சொல்லமாட்டானா என்றுதான். கம்பளியோடு சுருட்டி அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு அந்தக் கதவைத் திறந்திருந்தால் போதும். காய்ச்சலில் உருகி, அவள் ஒரு பிள்ளை கனம்கூட இருந்திருக்கமாட்டாள். ஒரு நிமிஷம் காட்டிவிட்டு உள்ளே கொண்டுவந்து படுக்க வைத்திருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தைப் பிடித்து வைத்து அவளைக் காப்பாற்றியா விட்டான்? கோபித்துக்கொள்ளக்கூட இல்லாமல், அவன் பொய்யிலிருந்து உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டாளே, பாவி மகள்.

திருமலை கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் அழுத அழுகையில் எல்லப்பன் பம்பையை அடிக்க மறந்து நின்றான். சடையப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பூத்துச்சு, பரிமளா" என்றான் திருமலை. குரல் உடைந்து வந்தது, ஆனால் வந்தது. "நீ இருக்கறப்பவே பூத்துச்சு. ரெண்டு பங்கு பூத்துச்சு. வா. எய்ந்து வா, நான் தூக்கிகினு போறேன். வா, பரிமளா."

கற்பகம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனைத் திட்ட அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. திட்டவில்லை. கையிலிருந்த சருகில் ஒரு பூவிதழைக்கூடக் கீழே விடாமல் கலசத்துத் தண்ணீரில் போட்டாள். நீலப் புடவையை நான்காக மடித்துக் கலசத்தைச் சுற்றினாள்.

திருமலை குனிந்து கலசத்தை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். எடுத்தவன் கை தள்ளாடியதை எல்லாரும் பார்த்தார்கள்.

"கனக்குதா சாமி?" என்று எல்லப்பன் மெல்லக் கேட்டான்.

திருமலை தலையை ஆட்டினான்.

"வந்துட்டா!" என்று எல்லப்பன் பம்பையில் ஓங்கி அடித்தான். சடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். பெண்கள் குலவையிட்டார்கள்.

"டேய், பொம்பளைங்கதாண்டா கலசம் தூக்கணும்" என்று அபிதகுசாம்பாள் கையை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"உடுங்க" என்றாள் கற்பகம். "அவன் தூக்கட்டும்."

அவன் வெயிலில் இறங்கி நடந்தான். தண்ணீர் சிந்தி அவன் சட்டை நனைந்தது. கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு ஒன்றும் பெரிய தூரமில்லை. அந்த மலைவீட்டுப் பின்வாசலிலிருந்து மரத்துக்கு அதைவிடக் கிட்டே.